காரைக்குடிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

செட்டிநாட்டில் ஆகாய விமான நிலையம் அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டு வருகிறது. இரண்டாவது உலக யுத்த காலத்தில் அமைக்கப்பட்ட பழைய விமானத்தளம் ஒன்று அங்கே உபயோகமின்றிக் கிடக்கிறது. அதைச் செப்பனிட்டுச் சென்னைக்குச் சிறிய விமானங்களை விட்டால் போதும், தலைநகரம் ஒரு மணி நேர தூரத்துக்கு வந்துவிடும் என்று கோரிக்கையாளர்கள் சொல்கிறார்கள். இதை ஏளனம் செய்வோர் கூட்டத்தில் நாம் சேரவில்லை. கேட்ட மாத்திரத்தில் கைதட்டி ஆரவாரிக்கவும் நாம் தயாராக இல்லை. போக்குவரத்து விஷயத்தில் ஆவேசத்தைவிடக் கணக்கே நல்ல வழிகாட்டி. அந்தக் கணக்கைப் பொதுஜனங்களின் முன்னிலையில் போட்டுப் பார்ப்பதே இன்று நமது நோக்கம்.

முதலில் அந்த விமானத்தளத்தின் பூர்வகதையைச் சற்று நினைவு கூர்வோம். 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. ஏப்ரல் மாதத்தில் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. யுத்தம் வாசற்படிக்கு வந்துவிட்டதைக் கண்ட பிரிட்டிஷ் சர்க்கார், தமிழ்நாட்டின் பல இடங்களில் விமானத்தளங்களை அவசரமாக அமைத்தது. சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, தஞ்சாவூர், கயத்தாறு ஆகிய ஊர்களைப்போல் செட்டிநாடும் அந்த வரிசையில் சேர்ந்தது. அதே மாதங்களில்தான் பர்மாவில் தேடிய பொருளையெல்லாம் விட்டுவிட்டு, ஆயிரக் கணக்கான தமிழர்கள் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் தாய்நாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆகவே, செட்டிநாட்டு விமானத்தளம் செட்டிநாட்டு ஜனங்களின் பிரயாணத்தை உத்தேசித்து அமைக்கப்பட்டதன்று. ஏகாதிபத்தியத்தின் யுத்தத் தேவைக்காக அமைக்கப்பட்டது. யுத்தம் முடிந்ததும் அதன் உபயோகமும் முடிந்தது. பிற்காலத்தில் அந்த நிலத்தில் சர்க்கார் கால்நடைப் பண்ணை நடைபெற்று வருகிறது.

ஆயினும், விமானம் செட்டிநாட்டாருக்கு அந்நியமான சாதனம் என்று எவரும் எண்ண வேண்டாம். கோட்டையூரில் பிறந்த டாக்டர் அழகப்ப செட்டியார் லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றதோடு விமானம் ஓட்டவும் பயின்றவர். 1940களில் 'ஜூபிடர் ஏர்வேஸ்' என்ற விமானக் கம்பெனியை நடத்தியவரும் அவரே. ஆனால் அந்த வள்ளல் காரைக்குடிக்கு நிலையாக விட்டுச் சென்றவை எவை? 1947இல் தொடங்கிய கல்லூரியும், அவர் வழங்கிய 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாய் நன்கொடையிலும் எழுந்து 1953ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமுமே. தாமே விமானம் ஓட்டத் தெரிந்தவர், தமது ஊருக்கு முதலில் வேண்டியது இன்னதென்று வரிசைப்படுத்தித் தீர்மானித்தார். அந்த விவேகம் இன்றைக்கும் நமக்கு வேண்டியிருக்கிறது.

இனித் தூரத்துக்கு வருவோம். பறவை பறக்கும் நேர்கோட்டில் அளந்தால், சென்னை மீனம்பாக்கத்திலிருந்து செட்டிநாட்டு விமானத்தளம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். திருச்சி நிலையம் சுமார் 290 கிலோமீட்டர். மதுரை நிலையம் சுமார் 415 கிலோமீட்டர். எழுபது பேர் ஏறக்கூடிய சிறிய விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். தரையில் ஓடி எழும்புவதற்கும், சுற்றி வந்து இறங்குவதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால், செட்டிநாட்டிலிருந்து சென்னைக்கு ஒரு மணி நேரம் என்று சொல்வது நியாயமான மதிப்பே. கோரிக்கையாளர்கள் சொல்லும் கணக்கில் பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கணக்கு.

ஆகாயத்தில் செல்லும் நேரம் வேறு. பிரயாண நேரம் வேறு. மனிதன் புறப்படுவது விமான நிலையத்திலிருந்து அல்ல, தன் வீட்டிலிருந்து. அவன் போய்ச் சேர விரும்புவது மீனம்பாக்கத்தை அல்ல. மயிலாப்பூரிலோ, கோட்டையிலோ, ஹைகோர்ட்டிலோ, ஜெனரல் ஆஸ்பத்திரியிலோ உள்ள தன் காரியத்தை. இன்று காரைக்குடியிலிருந்து ஒருவர் திருச்சி வழியாக விமானத்தில் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரில் சுமார் 85 கிலோமீட்டர் செல்ல ஒன்றே முக்கால் மணி. விமானம் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே டிக்கெட் பரிசோதனை மேஜையை மூடிவிடுகிறார்களாதலால், அங்கே ஒன்றேகால் மணி. பறப்பதில் ஒரு மணி. இறங்கிப் பெட்டியைப் பெற்று வெளியே வர அரை மணி. நகருக்குள் சேர முக்கால் மணி. கூட்டினால் ஐந்தேகால் மணி நேரம் ஆகிறது.

செட்டிநாட்டிலேயே நிலையம் இருந்தால் இதில் எது குறையும்? மோட்டார்ப் பிரயாணம் ஒன்றே முக்கால் மணியிலிருந்து அரை மணியாகக் குறையும். மற்றவை எவையும் குறையா. காத்திருக்க வேண்டிய நேரம் அதேதான். சென்னை வீதிகளின் நெரிசலும் அதேதான். மொத்தம் நான்கு மணி நேரம். ஆகவே, 'ஒரு மணியில் சென்னை' என்ற வாக்குறுதி, வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் நான்கு மணியாக நீண்டுவிடுகிறது. திருச்சி வழியோடு ஒப்பிட்டால் கிடைக்கும் லாபம் ஒன்றேகால் மணி. இந்த லாபத்தை நாம் அற்பமாகக் கருதவில்லை. ஆனால் இதற்காகும் செலவையும், இதை அனுபவிக்கப் போகிறவர்களின் தொகையையும் எதிரில் வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும்.

தராசின் மறுதட்டில் ரயிலை வைப்போம். காரைக்குடியிலிருந்து சென்னை எழும்பூருக்கு ரயில் பாதையில் சுமார் 425 கிலோமீட்டர். 2013ஆம் ஆண்டில் காரைக்குடி வரையில் நீட்டிக்கப்பட்ட பல்லவன் எக்ஸ்பிரஸ்தான் இவ்வூராருக்குப் பகல் நேரத்துப் பிரதான வண்டி. அது இந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ ஏழு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ராமேசுவரத்துக்குச் செல்லும் இரவு வண்டிகளும் காரைக்குடியைத் தொட்டுச் செல்கின்றன. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கும், எழும்பூரிலிருந்து காரிய ஸ்தலத்துக்கும் ஒரு மணி நேரம் சேர்த்தால், பகல் வண்டியில் செல்வோருக்கு எட்டு மணி நேரம் ஆகிறது.

இங்கேதான் வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். சென்னையிலிருந்து மதுரைக்கு ரயில் பாதையில் சுமார் 495 கிலோமீட்டர்; அதாவது காரைக்குடியைவிட 70 கிலோமீட்டர் அதிகம். அந்த மதுரையை வந்தே பாரத் வண்டி ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகவே அடைந்துவிடுகிறது. திருநெல்வேலி சுமார் 650 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் தேதி தொடங்கப்பட்ட வண்டி அதை ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் எட்டுகிறது. 225 கிலோமீட்டர் அப்பால் உள்ள திருநெல்வேலிக்காரர், காரைக்குடிக்காரரைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரமே அதிகமாக வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்! பூகோளப் படத்தில் காரைக்குடி சென்னைக்கு அருகில் இருக்கிறது. ரயில்வே அட்டவணையில் தூரப் போய்விட்டது. இந்தத் தூரத்தை உண்டாக்கியது பூமியல்ல, நிர்வாகம்.

இதற்குக் காரணம் என்ன? சென்னையிலிருந்து மதுரை வரையில் இரட்டைப் பாதை இருக்கிறது. திருச்சியில் பிரிந்து புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்குச் செல்லும் பாதையோ ஒற்றைப் பாதை. ஒரு வண்டி போக மற்றொரு வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். திருச்சி முதல் புதுக்கோட்டை வரையில் 1929இலும், அங்கிருந்து மானாமதுரை வரையில் 1930இலும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் போட்ட பாதை அது. பின்னர் அகலப் பாதையாயிற்று, மின்சாரமும் வந்துவிட்டது. இரண்டாவது தண்டவாளந்தான் வரவில்லை. ஆனால் அது வரும் வரையில் காத்திருக்கவும் அவசியமில்லை. வேக வண்டி சென்னையிலிருந்து திருச்சிக்குச் சுமார் நான்கு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. அங்கிருந்து காரைக்குடிக்கு 90 கிலோமீட்டர். இப்போதுள்ள ஒற்றைப் பாதையிலேயே ஒன்றரை மணி போதும். ஆக ஐந்தரை மணியில் சென்னையிலிருந்து காரைக்குடி! பாதை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, வண்டி விடும் மனந்தான் இல்லை.

இப்போது இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செட்டிநாட்டில் விமான நிலையம் அமைத்தால், விமானத்தில் செல்வோருக்கு மிச்சமாவது ஒன்றேகால் மணி. காரைக்குடிக்கு வேக வண்டி ஒன்று விட்டால், ரயிலில் செல்வோருக்கு மிச்சமாவது ஒன்றரை மணி. முன்னதன் பலனைப் பெறுவோர் ஒரு தடவைக்கு எழுபது பேர். பின்னதன் பலனைப் பெறுவோர் ஆயிரம் பேருக்கு மேல். முன்னதற்கு ஓடுபாதை, கட்டடம், தீயணைப்புப் படை, காவல், விமானங்களுக்கு வழிகாட்டும் சாதனங்கள் எல்லாம் புதிதாக வேண்டும். பின்னதற்கு ஒரு வண்டியும், அட்டவணையில் ஓர் இடமும் வேண்டும். எதை முதலில் கேட்பது என்பதில் இனியும் சந்தேகம் இருக்க முடியுமா?

'ஏழைகளுக்கு ரயிலும் மற்றவர்களுக்கு விமானமும் வேண்டியவைதாமே; இரண்டையும் கேட்டால் என்ன?' என்று சிலர் வினவலாம். நியாயமான கேள்வி. செட்டிநாட்டு மாளிகைகளைக் காண உல்லாசப் பிரயாணிகள் வருகிறார்கள். ஆராய்ச்சி நிலையத்துக்கும், 1985இல் நிறுவப்பட்ட அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் வெளியூர் அறிஞர்கள் வந்து போகிறார்கள். காரைக்குடி 2024ஆம் ஆண்டில் மாநகராட்சியாகவும் உயர்ந்துவிட்டது. எனவே, விமானத்துக்கு இங்கே பிரயாணிகளே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நாள்தோறும், வருஷம் முழுவதும், ஒரு விமானம் நஷ்டமின்றி ஓடும் அளவுக்கு அவர்கள் இருக்கிறார்களா என்பதே கேள்வி.

இதற்குச் சேலம் புகட்டும் பாடம் கண்ணெதிரில் இருக்கிறது. சிறு நகரங்களுக்கு விமானம் விடுவதற்காக மத்திய சர்க்கார் 2016ஆம் ஆண்டு அக்டோபரில் 'உடான்' திட்டத்தை வெளியிட்டது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி சிம்லாவிலிருந்து டில்லிக்கு முதல் விமானம் பறந்தது. ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு, விமானத்தின் பாதி இடங்களில் கட்டணம் 2,500 ரூபாய்க்கு மேல் போகலாகாது என்று முதலில் நிர்ணயித்தார்கள். கம்பெனிக்கு உண்டாகும் நஷ்டத்தை ஈடுசெய்ய மூன்று வருஷ காலம் மானியம் என்றும் ஏற்பாடு. இத்திட்டத்தின்கீழ் 2018ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி சேலத்திலிருந்து சென்னைக்கு விமானம் விடப்பட்டது. 2021இல் அது நின்றுபோயிற்று. 2023ஆம் ஆண்டு அக்டோபரில்தான் சேலத்தில் மறுபடியும் விமானம் இறங்கியது. இடைப்பட்ட இரண்டு வருஷங்களுக்கு மேற்பட்ட காலத்தில், நிலையம் இருந்தது, ஓடுபாதை இருந்தது, விமானந்தான் இல்லை. பெரிய தொழில் நகரமும், பல மாவட்டங்களுக்கு வியாபார கேந்திரமுமான சேலத்துக்கே இந்தக் கதி என்றால், செட்டிநாட்டின் கதி என்ன ஆகும் என்பதை யோசிக்க வேண்டாமா?

சேலத்துக்கு இல்லாத ஒரு சங்கடமும் செட்டிநாட்டுக்கு உண்டு. வடக்கே திருச்சி, மேற்கே மதுரை என்று இரண்டு பெரிய விமான நிலையங்கள் சுமார் 90 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. திருச்சியில் 2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி விசாலமான புதுக் கட்டடம் திறந்து வைக்கப்பட்டது. போதாக்குறைக்கு, ராமேசுவரத்திலும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2025ஆம் ஆண்டு ராஜ்ய சர்க்காரின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிப்பு வந்திருக்கிறது. இருபுறமும் பெரிய சந்தை கூடும்போது நடுவில் போடும் சிறு கடைக்கு வியாபாரம் எவ்வளவு நடக்கும்? விமானக் கம்பெனிகள் தர்ம ஸ்தாபனங்கள் அல்ல. மானியம் உள்ள வரையில் வருவார்கள். மானியம் நின்ற மறுநாள் வேறு ஊர் தேடிப் போவார்கள்.

செட்டிநாட்டாருக்குச் சென்னை மட்டுமே பிரயாண எல்லையல்ல என்பதையும் மறக்கலாகாது. முற்காலத்தில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏறிப் பல நாட்கள் கடலில் கழித்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் இவர்கள். இன்று திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர். விமானம் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சேர்த்துவிடுகிறது. காரைக்குடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்பவர் எழும்பூரில் இறங்குவதற்குள், திருச்சியில் விமானம் ஏறியவர் சிங்கப்பூரில் இறங்கி வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருப்பார்! ஆகவே செட்டிநாட்டாருக்கு உண்மையாக வேண்டிய விமான நிலையம் ஏற்கெனவே இருக்கிறது; அதற்குச் செல்லும் வழிதான் சீராக இல்லை.

திருச்சி நிலையம் புதுக்கோட்டைச் சாலையில், அதாவது காரைக்குடிப் பக்கத்திலேயே அமைந்திருக்கிறது. வெளிநாட்டு விமானங்கள் பல இரவிலும் விடியற்காலையிலும் வந்து போகின்றன. அந்த நேரத்தில் வந்து இறங்கும் தொழிலாளி, வாடகை மோட்டார்க்காரன் கேட்கும் தொகையைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் மூட்டை முடிச்சுகளோடு விடியும் வரையில் காத்துக் கிடக்க வேண்டும். விமானங்களின் நேரத்தை அனுசரித்துப் புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இரவு பகலாகச் சர்க்கார் பஸ்களை விட எவ்வளவு செலவாகிவிடும்? ஒரு விமான நிலையம் கட்டும் செலவில் ஒரு துளிகூட ஆகாது.

மதுரைத் திசையிலோ நிலைமை இன்னும் விசித்திரமானது. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்கு நேரான ரயில் பாதையே கிடையாது. ரயிலில் செல்ல விரும்புவோர் தெற்கே சிவகங்கை, மானாமதுரை என்று இறங்கி, அங்கிருந்து வடமேற்கே திரும்பி மதுரைக்கு ஏற வேண்டும். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுவருவது என்பது இதுதான். மேலூர் வழியாக நேர்பாதை போடும் யோசனை பல வருஷங்களாக அளவைகளிலும் அறிக்கைகளிலுமே காலங்கழித்து வருகிறது. நோயாளிகளும் மாணவர்களும் வியாபாரிகளும் அன்றாடம் மதுரைக்குப் போகிற வழி இது. இப்பாதை வந்தால், திருப்பத்தூரும் மேலூரும் முதல் தடவையாக ரயிலைக் காணும். 'சென்னை ஒரு மணியில்' என்ற முழக்கத்தில் இந்தப் பழைய கோரிக்கையின் குரல் அமிழ்ந்து போவதே நமக்கு மிகுந்த கவலையளிக்கிறது.

பெரிய வாக்குறுதி கொடுப்பதில் அரசியல்வாதிகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ரயில் வண்டி ஒன்று விடுவதாகச் சொன்னால், அடுத்த அட்டவணை வெளியானதும் ஜனங்கள் 'எங்கே வண்டி?' என்று கேட்பார்கள். விமான நிலையம் என்று சொல்லிவிட்டாலோ, ஆய்வு, நில அளவை, அனுமதி, டெண்டர் என்று பத்து வருஷத்தை ஓட்டிவிடலாம். ஆகவே, எந்தக் கட்சியைச் சேர்ந்த ஊழியராயினும், தமது ஊரின் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும்போது, எது சீக்கிரம் கிடைக்கும், எது அதிகம் பேருக்குப் பயன்படும் என்ற இரண்டு கேள்விகளையும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. முதலாவதாக, சென்னைக்கும் காரைக்குடிக்கும் இடையே ஐந்தரை மணியில் செல்லும் பகல் நேர வேக வண்டி ஒன்றை ரயில்வே இலாகா உடனே விட வேண்டும். இரண்டாவதாக, திருச்சி முதல் காரைக்குடி வரையில் இரட்டைப் பாதை போடும் வேலையைத் தொடங்க வேண்டும். மூன்றாவதாக, மதுரை, மேலூர், திருப்பத்தூர், காரைக்குடி நேர்பாதைக்குப் பணம் ஒதுக்கித் தண்டவாளம் போட வேண்டும். நான்காவதாக, திருச்சி, மதுரை விமான நிலையங்களிலிருந்து விமான நேரத்தை அனுசரித்துச் செட்டிநாட்டுக்கு ராஜ்ய சர்க்கார் பஸ் விட வேண்டும். பழைய விமானத்தளத்தைப் பொறுத்தவரையில், அந்த நிலம் துண்டு துண்டாகக் கைமாறிப் போகாமல் பொதுச் சொத்தாகக் காப்பாற்றப்பட வேண்டும். அங்கே விமானம் விடுவதால் எத்தனை பேர் பிரயாணம் செய்வார்கள், மானியம் நின்ற பிறகு யார் நஷ்டத்தை ஏற்பார்கள் என்ற விவரங்களைச் சர்க்கார் பகிரங்கமாக வெளியிட்ட பின் ஜனங்கள் தீர்மானிக்கட்டும். அக்கணக்கு சாதகமாக இருந்தால், விமான நிலையத்தை வரவேற்பதில் நாமும் பின்வாங்க மாட்டோம்.

காரைக்குடிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், விமானி ஒரு மணி என்பார்; ரயில்வே அட்டவணை ஏழு மணி என்னும். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடியுமுன் ஸ்டேஷனில் காத்து நிற்கும் கிழவியைக் கேட்டால், 'ஒரு நாள்' என்பாள். சுதந்திர நாட்டின் சர்க்கார் அந்தக் கிழவி சொல்லும் தூரத்தையே தூரமாகக் கொண்டு, அதைக் குறைக்க முதலில் முற்பட வேண்டும்.